காசிமேட்டுப் பருந்தும் மீனம்பாக்கம் விமானமும்: குப்பைக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடு பிடித்துவிடும். விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக மீன் இறங்கும். ஒரு பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம், இன்னொரு பக்கம் விலை கேட்கும் கூச்சல். கூட்டம் கொஞ்சம் கலைந்து வெயில் ஏற ஆரம்பித்ததும், அடுத்த கூட்டம் வந்து இறங்கும். காக்கை, கொக்கு, கரும்பருந்து, கூடவே நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்து. வெட்டிப் போட்ட குடலும் தலையும்தான் அவற்றின் காலைச் சாப்பாடு.

இங்கிருந்து மேற்கே போனால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. அங்கே பருந்துகள் வட்டமடிப்பதைப் பார்க்க அண்ணாந்து தேடவே வேண்டாம். எந்த நேரமும் வானத்தில் கரும்புள்ளிகள் சுற்றிக்கொண்டிருக்கும். வடக்கே திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் கழிமுகத்துக்குப் போனால் கூழைக்கடாவும் பூநாரையும் நிற்கும்.

இந்தப் பறவைகளுக்கும் விமானப் பயணத்துக்கும் என்ன சம்பந்தம்? "அதெல்லாம் ஏர்போர்ட்காரங்க பாத்துக்கற விஷயம். எங்க ஏரியாவுக்கும் மீனம்பாக்கத்துக்கும் எவ்வளவு தூரம்!" என்று ராயபுரத்தில் யாராவது சொன்னால் அதில் தப்பில்லை. ஆனால், விமானத்தில் பறவை மோதும் ஆபத்து என்பது ஓடுபாதைக்குள் தொடங்கும் விஷயம் அல்ல. ஊர் தன் குப்பையை எங்கே கொட்டுகிறது, தன் நீர்நிலைகளை எப்படி வைத்திருக்கிறது என்பதில்தான் அது தொடங்குகிறது. அந்தக் கணக்கில் வடசென்னையும் உண்டு.

ஒரு பறவை என்ன செய்துவிடும்?

கரும்பருந்து ஒன்றின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. கையில் தூக்கினால் ஒரு சின்னக் கோழிகூட இருக்காது. ஆனால், விமானம் தரையிறங்கும்போதும் மேலெழும்போதும் மணிக்கு 250 கிலோமீட்டர் அல்லது அதற்கும் மேலான வேகத்தில் இருக்கிறது. 800 கிராம் எடையுள்ள பறவை அந்த வேகத்தில் மோதினால் வெளிப்படும் ஆற்றல், 20 கிலோ எடையுள்ள ஒரு மூட்டையை 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் அடி இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். பறவை சின்னதாக இருக்கலாம், ஆனால் வேகம் அதைக் கல்லாக்கிவிடுகிறது.

மோதும் இடம்தான் விளைவைத் தீர்மானிக்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் பட்டால் தகடு உள்வாங்கும். விமானி அறைக் கண்ணாடியில் பட்டால் விரிசல் விழும். இன்ஜினுக்குள் போனால் சுழலும் விசிறித் தகடு வளையலாம், உடையலாம். உடைந்த துண்டு உள்ளே இருக்கும் மற்ற தகடுகளையும் பதம் பார்க்கும்.

இதற்கெல்லாம் இன்ஜின் தயாரிப்பவர்கள் தயாராக இல்லையா என்றால், தயாராகத்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு புதிய ரக இன்ஜினையும் முழு வேகத்தில் ஓடவிட்டு, அதற்குள் இறந்த பறவைகளைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. மிகப் பெரிய இன்ஜின்களுக்கான தனிப் பறவைச் சோதனையில் பறவையின் எடை 3.65 கிலோ. நாம் வழக்கமாகப் பயணிக்கும் ஏ320, போயிங் 737 ரக விமானங்களின் இன்ஜின்களுக்கு 2.75 கிலோ. அந்தச் சோதனையில்கூட இன்ஜின் தொடர்ந்து ஓட வேண்டும் என்று விதி கேட்பதில்லை. தீப்பிடிக்காமல், வெடித்துச் சிதறாமல், பாதுகாப்பாக நின்றால் போதும். எண்ணூர் கழிமுகத்தில் நாம் பார்க்கும் புள்ளிமூக்குக் கூழைக்கடாவின் எடை 4 கிலோவுக்கும் மேல். சோதனையின் எல்லை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சென்னையும் உலகமும் கற்ற பாடம்

இது எங்கோ நடக்கும் கதை அல்ல. 1986 செப்டம்பர் 29 அன்று, மெட்ராஸ் விமான நிலையத்தில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 விமானம் புறப்பட ஓடிக்கொண்டிருந்தபோது பறவை மோதியது. விமானிகள் புறப்பாட்டைக் கைவிட்டார்கள். அந்த வேகத்தில் ஓடுபாதை போதவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் நின்றது. உயிரிழப்பு இல்லை. ஆனால், அந்த விமானம் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை.

2025 அக்டோபரில் கொழும்பிலிருந்து சென்னை வந்த ஏர் இந்தியா விமானத்தில் பறவை மோதியிருப்பது தரையிறங்கிய பிறகே தெரியவந்தது. விமானம் சோதனைக்காக நிறுத்தப்பட, திரும்பிப் போக வேண்டிய பயணம் ரத்தானது. பெரும்பாலான மோதல்கள் இப்படித்தான் முடிகின்றன. யாருக்கும் காயம் இல்லை, நாளிதழில் ஒரு பத்திச் செய்தி, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளின் அலைக்கழிப்பு, நிறுவனத்துக்குச் செலவு. இந்தியாவில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவை மோதல்கள் பதிவாகின்றன. அவற்றில் பெரும்பாலானவை விபத்து ஆவதில்லை.

ஆவதில்லை என்பதாலேயே அலட்சியம் வளர்கிறது. ஆனால், ஆகும்போது என்ன நடக்கும்? 1960 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் மேலெழுந்த விமானம் ஒன்று மைனாவின் உறவுக்காரப் பறவைகளான ஸ்டார்லிங் கூட்டத்துக்குள் புகுந்தது. கையளவே இருக்கும் பறவைகள். 62 பேர் இறந்தார்கள். இன்ஜின்களுக்குப் பறவைச் சோதனை என்ற விதிமுறை வலுப்பெற்றது அந்த விபத்துக்குப் பிறகுதான். 2009 ஜனவரியில் நியூயார்க்கில் கனடா வாத்துகள் இரண்டு இன்ஜின்களையும் முடக்க, விமானி சல்லன்பெர்கர் விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பறவைகள் இருப்பதாகக் கட்டுப்பாட்டுக் கோபுரம் எச்சரித்த சுமார் ஒரு நிமிடத்தில் ஜெஜு ஏர் விமானத்திலிருந்து அபாயக் குரல் வந்தது. சக்கரம் இறங்காமல் தரையில் உரசிச் சென்ற விமானம், ஓடுபாதை முடிவுக்கு அப்பால் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதியது. 179 பேர் இறந்தார்கள். இரண்டு இன்ஜின்களிலும் பைக்கால் வாத்தின் இறகும் ரத்தமும் கிடைத்தன.

முவான் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. பறவை தனியாக விபத்தை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பல பலவீனங்களை அது வெளியே இழுத்துப் போடுகிறது. விமான நிலையம் எங்கே அமைந்தது, ஓடுபாதை முடிவில் என்ன கட்டப்பட்டது, சுற்றியுள்ள நிலம் எப்படி இருந்தது என எல்லாமே கணக்கில் வரும்.

எல்லாவற்றுக்கும் பறவை மேல் பழி போடவும் கூடாது. 2025 ஜூனில் அகமதாபாதில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்தபோது, அன்று மாலையே 'பறவை மோதியிருக்கும்' என்று பேச்சு பரவியது. அடுத்த மாதம் வந்த முதற்கட்ட விசாரணை அறிக்கையோ, விமானம் சென்ற பாதையில் குறிப்பிடும்படியான பறவை நடமாட்டம் இல்லை என்றது. ஊகம் வேறு, பதிவு வேறு. பறவை ஆபத்தைக் கையாள முதலில் தேவை சரியான பதிவு.

பறவை ஏன் ஓடுபாதைக்கு வருகிறது?

பறவையின் கண்ணால் பார்த்தால் விமான நிலையம் ஓர் அருமையான இடம். நெரிசலான நகரத்துக்கு நடுவே பெரிய புல்வெளி. மரமோ கட்டடமோ இல்லாததால் எதிரி வருவது தூரத்திலேயே தெரியும். மழை பெய்தால் புழு பூச்சி வெளியே வரும்; அதைத் தின்னக் கொக்கும் ஆள்காட்டியும் வரும். புல்லில் எலி இருந்தால் ஆந்தையும் பருந்தும் வரும். வெயில் ஏறினால் கான்கிரீட் சூடாகி, சூடான காற்று மேலே எழும். அதில் இறக்கையை விரித்தால் போதும், பருந்து ஆயிரம் அடிக்கு மேல் சுகமாக மிதக்கும்.

மீனம்பாக்கத்துக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. அதன் இரண்டாவது ஓடுபாதை அடையாறு ஆற்றின் மேல் பாலமாகக் கடந்து போகிறது. ஆறு இருந்தால் மீனும் தவளையும் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர், மணப்பாக்கம் என்று நெருக்கமான குடியிருப்புகள். இறைச்சிக் கடைக் கழிவு, சாலையோரக் குப்பை, திறந்த வாய்க்கால். பறவைக்கு வீடு உள்ளே, சாப்பாடு வெளியே.

வடஇந்தியாவில் இந்த ஆபத்து தென்மேற்குப் பருவமழை மாதங்களில் ஏறும். சென்னையின் காலக்கணக்கு வேறு. இங்கே வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. பழவேற்காடு, எண்ணூர், பள்ளிக்கரணைக்கு வலசைப் பறவைகள் வருவதும் அதே மாதங்களில்தான். டெல்லியில் போட்ட அட்டவணையை அப்படியே சென்னையில் பின்பற்றினால் சரிவராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 91ஆவது விதி தெளிவாகவே பேசுகிறது. விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், பறவை விலங்குகளை ஈர்க்கும் வகையில் கால்நடைகளை அறுப்பதோ, தோலுரிப்பதோ, குப்பை கூளம் கொட்டுவதோ கூடாது. மீறினால் சிறைத் தண்டனைக்கும் அபராதத்துக்கும் வழி உண்டு. பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய வாயுயான் அதிநியம் சட்டமும் இந்தக் கட்டுப்பாட்டைக் கைவிடவில்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமான நிலையத்தைச் சுற்றி 13 கிலோமீட்டர் வட்டத்தில் நிலப் பயன்பாட்டைக் கவனிக்கச் சொல்கிறது. அதற்குக் காரணம் எளிய கணக்கு. தரையிறங்க வரும் விமானம் வழக்கமாக மூன்று டிகிரி சரிவில் இறங்கும். ஓடுபாதைக்கு 13 கிலோமீட்டர் முன்பாக அது ஏறக்குறைய 2,200 அடி உயரத்தில் இருக்கும். பருந்து எட்டக்கூடிய உயரம்தான் அது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. புதிய குப்பை நிரப்பு நிலம் விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்; 10 முதல் 20 கிலோமீட்டருக்குள் அமைக்க வேண்டிய நிலை வந்தால் விமானத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றன.

இப்போது சென்னை வரைபடத்தை எடுத்து அளந்து பாருங்கள். பெருங்குடி குப்பைக் கிடங்கு, மீனம்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 7 கிலோமீட்டர். அது இருப்பதோ ராம்சர் பட்டியலில் இடம்பெற்றுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு சுமார் 18 கிலோமீட்டர். இந்த விதிகள் வருவதற்கு முன்பே இரண்டும் மலையாகிவிட்டன என்பது உண்மைதான். ஆனால், பருந்துக்கு இந்தச் சால்ஜாப்பு தெரியாது.

வடசென்னைக்கு இதில் என்ன பங்கு?

நேர்மையாகச் சொன்னால், ராயபுரமோ திருவொற்றியூரோ மீனம்பாக்கம் ஓடுபாதையின் வாசலில் இல்லை. கடல் பக்கமிருந்து இறங்கும் விமானங்கள் தென்சென்னைக்கு மேலேதான் தாழ்ந்து வருகின்றன. காசிமேட்டுப் பருந்து நாளை காலை விமானத்தில் மோதிவிடும் என்று பயமுறுத்துவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல.

ஆனால், பருந்துகளின் எண்ணிக்கை என்பது ஓரிடத்துக் கணக்கு அல்ல, ஊர்க் கணக்கு. நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேரும் மாநகரத்தில், அதன் பெரும்பங்கை இரண்டு திறந்தவெளிக் கிடங்குகளில் பல பத்தாண்டுகளாகக் கொட்டினோம். அதில் கலந்திருக்கும் சோறும் மீன் முள்ளும் கோழிக் கழிவும்தான் பருந்துக்கும் காக்கைக்கும் தெரு நாய்க்கும் ஆண்டு முழுக்கத் தீராத பந்தி. சாப்பாடு நிறைய கிடைத்தால் குஞ்சுகள் நிறையப் பிழைக்கும். இளம் பறவைகள் புது இடம் தேடிப் போகும். நகரத்தின் ஒரு மூலையில் பந்தி விரித்துவிட்டு இன்னொரு மூலையில் பட்டாசு வெடித்து விரட்டுவது, தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதை.

இங்கேதான் ஓர் ஆபத்தான குறுக்குவழி இருக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குப்பை கூடாது என்றால், அதைத் தூரமாகத் தள்ளிவிடலாம் அல்லவா? தூரம் என்றால் எங்கே? சென்னையில் 'தூரம்' என்ற சொல்லுக்கு வழக்கமாக ஒரே அர்த்தம்தான்: வடக்கு. அனல் மின் நிலையம் வடக்கு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வடக்கு, நிலக்கரி இறங்கும் துறைமுகம் வடக்கு, சாம்பல் குளம் வடக்கு. பறவை மோதலைத் தடுப்பது என்ற நல்ல காரணத்தைச் சொல்லி இன்னொரு லாரி குப்பை வடக்கே திரும்பினால், அது பாதுகாப்பு ஆகாது. ஒருவரின் ஆபத்தை எடுத்து இன்னொருவர் தலையில் வைப்பதாகிவிடும். விமானத்தில் போகிறவரின் உயிர் விலைமதிப்பற்றது. கொடுங்கையூர்க் காற்றைச் சுவாசிக்கும் குழந்தையின் உயிரும் அதே விலைதான்.

கொடுங்கையூரில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் பணி நடந்துவருவது நல்ல செய்தி. கூடவே அங்கே எரி உலை அமைக்கும் திட்டமும் பேசப்படுகிறது. அப்பகுதி மக்கள் அதை எதிர்த்து 2025இல் வீதிக்கே வந்தார்கள். பறவைப் பிரச்சினையை இந்த விவாதத்தில் இழுத்து, 'எரித்துவிட்டால் பருந்து வராது பாருங்கள்' என்று சொல்ல யாராவது முனையலாம். அந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. பருந்து பிளாஸ்டிக்கையும் துணியையும் தேடி வருவதில்லை. அது வருவது ஈரக் கழிவுக்காக. ஈரக் கழிவை வீட்டிலும் சந்தையிலும் தனியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதியிலேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றினால் கிடங்குக்குப் போகும் தீனி நின்றுவிடும். பறவை ஆபத்துக்கும் இதுதான் மருந்து, வடசென்னையின் மூச்சுக்கும் இதுதான் மருந்து.

எண்ணூரைக் காப்பதும் ஒரு விமானப் பாதுகாப்பு

'பறவைதானே பிரச்சினை, நீர்நிலையைத் தூர்த்துவிட்டால் முடிந்தது' என்று நினைப்பவர்களும் உண்டு. இது தலைகீழான யோசனை.

கூழைக்கடாவும் பூநாரையும் குப்பைப் பறவைகள் அல்ல. அவற்றுக்கு வேண்டியது ஆழமில்லாத, மீனும் இறாலும் நண்டும் வாழும் சுத்தமான நீர். எண்ணூரும் பழவேற்காடும் அப்படி இருக்கும்வரை அவை அங்கேயே இரை தேடி அங்கேயே தங்கும். இந்தப் பெரிய பறவைகள் ஓடுபாதையிலிருந்து விலகி இருப்பதற்கு நல்ல நிலையில் உள்ள கழிமுகமே உத்தரவாதம். அந்த நீர்ப்பரப்பில் சாம்பலும் எண்ணெயும் கலந்தால் அவை என்ன செய்யும்? வேறு நீரைத் தேடிப் பறக்கும். அந்த வேறு நீர் எது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப்போய் நின்ற படங்களை நாடே பார்த்தது. மீனவர்களின் வலையும் படகும் பாழானது. அன்று அதை மீன்வளப் பிரச்சினையாகவும் சூழல் பிரச்சினையாகவும் பார்த்தோம். ஒரு நகரத்தின் வான்பாதுகாப்பும் அதோடு கோத்துக்கிடக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. இனியாவது சொல்ல வேண்டும்.

விரட்டினால் மட்டும் போதுமா?

விமான நிலையங்கள் சும்மா இருக்கின்றன என்று சொல்ல முடியாது. வாயுத் துப்பாக்கி, பட்டாசு, லேசர், வேட்டைப் பறவையின் குரலை ஒலிபரப்பும் கருவி எனப் பலவும் பயன்பாட்டில் உள்ளன. வெயிலிலும் மழையிலும் ஓடுபாதை ஓரத்தில் நின்று பறவை விரட்டும் ஊழியர்கள் இருக்கிறார்கள். பல உயிர்கள் அவர்களின் விழிப்பில்தான் தொங்குகின்றன.

ஆனால், பறவை முட்டாள் அல்ல. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வெடிச்சத்தம் கேட்டால் நாலே நாளில் பழகிவிடும். 2022 ஆகஸ்டில் டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொன்னது: ரோந்து ஒரே ஒழுங்கில் இருக்கக் கூடாது, எந்தப் பறவை எப்போது வருகிறது என்று பதிவு வேண்டும், மாதந்தோறும் அறிக்கை வேண்டும்.

எந்தப் பறவை என்பது ஏன் முக்கியம்? ஹட்சன் விபத்துக்குப் பிறகு இன்ஜினில் கிடைத்த இறகுகளை ஆராய்ந்தபோது, அவை நியூயார்க்கில் நிரந்தரமாகத் தங்கும் வாத்துகள் அல்ல, கனடாவிலிருந்து வலசை வந்தவை என்று தெரிந்தது. உள்ளூர் வாத்தை எவ்வளவு அழித்திருந்தாலும் அந்த மோதல் நின்றிருக்காது. ஆள்காட்டி வந்தால் புல்லைக் கவனிக்க வேண்டும்; பருந்து வந்தால் இறைச்சிக் கடையைக் கவனிக்க வேண்டும்; ஆந்தை வந்தால் எலியைக் கவனிக்க வேண்டும். நோய் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. கோவை ஆனைகட்டியில் இயங்கும் சாலிம் அலி பறவையியல் மையம் போன்ற நிறுவனங்களின் அறிவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு விமான நிலையமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சின்ன ஊர்களுக்குப் பெரிய கவலை

பெரிய விமான நிலையத்தில் ஆளும் கருவியும் இருக்கும். நாளுக்குச் சில விமானங்களே வந்து போகும் ஊர்களில் நிலைமை வேறு. இரண்டு விமானங்களுக்கு இடையில் நீண்ட அமைதி. அந்த அமைதியில் ஓடுபாதை மேய்ச்சல் நிலமாகிவிடும். 2014 நவம்பரில் சூரத்தில் புறப்பட்ட விமானத்தில் எருமை மோதியது. 2015 டிசம்பரில் ஜபல்பூரில் இறங்கிய விமானத்தில் காட்டுப் பன்றிகள் மோதின. 2022 ஜூனில் பாட்னாவில் 185 பயணிகளோடு மேலெழுந்த விமானத்தின் இன்ஜினில் பறவை மோதித் தீப்பிடிக்க, கீழே இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். விமானம் பத்திரமாகத் திரும்பியது. மூன்றிலும் உயிரிழப்பு இல்லை என்பது ஆறுதல். மூன்றும் சொல்வது ஒன்றுதான்: சுற்றுச்சுவரும் சுற்றுப்புறமும் சரியில்லை.

சேலம், தூத்துக்குடி என்று தமிழகத்தின் சிறிய நிலையங்களுக்கு விமானங்கள் கூடிவருகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிகள் நிறைந்த பரந்தூர் பகுதியில் புதிய விமான நிலையத்துக்குக் கொள்கை அளவிலான ஒப்புதலும் கிடைத்திருக்கிறது. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர் மக்கள் நிலத்துக்காகவும் நீருக்காகவும் நீண்ட நாட்களாகப் போராடிவருகிறார்கள். அந்தக் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது: அந்த ஏரிகளுக்கு எந்தெந்தப் பறவை, எந்தெந்த மாதத்தில், எந்த உயரத்தில் வந்து போகிறது? முவான் அனுபவத்துக்குப் பிறகு, இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த ஓடுபாதையின் திசையையும் முடிவு செய்யக் கூடாது. கட்டி முடித்த பிறகு பறவையைக் குறை சொல்வது அறமும் அல்ல, அறிவும் அல்ல.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, ஈரக் கழிவு. கோயம்பேடு, காசிமேடு, புளியந்தோப்பு போன்ற பெரிய சந்தைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் சேரும் கழிவு, திறந்த லாரியில் ஏறித் திறந்த கிடங்கில் விழுவதை நிறுத்த வேண்டும். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கும் பெண்களை விரட்டுவது தீர்வு அல்ல. அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் மூடிய தொட்டி, தண்ணீர், நேரத்துக்கு வரும் வண்டி இவை மூன்றும் இருந்தால் போதும். மீன் கழிவு கால்நடைத் தீவனமும் உரமும் ஆகும் பொருள்; அதை வீணாக்குவதே நஷ்டம்.

இரண்டாவதாக, 10 கிலோமீட்டர் விதி. உரிமம் தரும் உள்ளாட்சிக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. அது கூடிக் கலைந்தால் போதாது. எந்த இடத்தில் குப்பை, எந்தக் கடை, என்ன நடவடிக்கை என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தண்டனை என்பது சின்னக் கறிக்கடைக்காரருக்கு மட்டும் என்று ஆகிவிடவும் கூடாது. குப்பை அள்ளாத நிர்வாகமும் அதே விதிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதாக, பெருங்குடியைச் சுத்தம் செய்யும் வேகம் கொடுங்கையூருக்கும் வேண்டும். தெற்கே குறைந்த குப்பை வடக்கே ஏறவில்லை என்பதை மாநகராட்சி எண்களோடு காட்ட வேண்டும்.

நான்காவதாக, எண்ணூர், பழவேற்காடு, பள்ளிக்கரணை மூன்றையும் ஒரே பறவைப் பாதையாகப் பார்த்து ஆண்டு முழுவதும் கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு வனத்துறை அலமாரியில் உறங்காமல், வானிலை அறிக்கை போல விமானிகளுக்கும் போய்ச் சேர வேண்டும்.

இவை எதற்கும் புதுத் தொழில்நுட்பம் தேவையில்லை. சட்டம் இருக்கிறது, அறிவு இருக்கிறது. இல்லாதது, நகரத்தின் ஒரு முனையை இன்னொரு முனையோடு சேர்த்துப் பார்க்கும் கண் மட்டும்தான். பருந்துக்கு அந்தக் கண் இருக்கிறது. மேலே இருந்து பார்க்கும்போது அதற்கு வடசென்னை, தென்சென்னை என்ற பிரிவு கிடையாது. எங்கே சாப்பாடு கிடக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.